சமையலறைக்கு ஒரே ஓர் அடுப்பு: எதைத் தேர்ந்தெடுப்பது?

வேலூர், குடியாத்தம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரங்களில் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்துத் தளம் போடும் சிறு விவசாயிகள் பலர், கதவுக்கும் சன்னலுக்கும் தரைக்கும் பலமுறை கணக்குப் போடுகின்றனர். சமையலறைக்கு வரும்போது மட்டும் பொறுப்பைக் கொத்தனாரிடம் விட்டுவிடுகின்றனர். அவரும் இரண்டரை அடி உயரத்தில் ஒரு மேடையைக் கட்டி, மேலே கடப்பைக்கல் பதித்துவிட்டுப் போய்விடுகிறார். அந்த மேடையில் எந்த அடுப்பு அமரப்போகிறது, அதற்கு எரிபொருள் எங்கிருந்து வரும், அதன் முன் எவர் எத்தனை மணி நேரம் நிற்பார் என்ற கேள்விகள் பிறகுதான் எழுகின்றன. புகைப்போக்கிக்குத் துளை விடாமல் தளம் போட்டபின் புகையில்லா அடுப்பு அமைப்பதும், தரைக்குச் சிமெண்டு பூசியபின் சாண எரிவாயுக் குழாய் கொண்டுவருவதும் இரட்டைச் செலவு. ஆகவே அடுப்பை முதலில் முடிவு செய்து, அதற்கேற்பச் சமையலறையைக் கட்டுவதே முறையாகும்.

விவசாயக் குடும்பத்துக்கு அடுப்பு சமையலறைப் பொருள் மட்டுமன்று. தொழுவத்துச் சாணம் வயலுக்குப் போகிறதா, வறட்டியாகி எரிந்து போகிறதா என்பதை அடுப்பே தீர்மானிக்கிறது. தென்னை மட்டை மூடாக்காகுமா, விறகாகுமா என்பதும் அவ்வாறே. உழவியல் பேசும் இவ்விதழில் அடுப்பைப் பற்றி எழுத இதுவே காரணம்.

ஒரு நாள் சமையலுக்கு எவ்வளவு வெப்பம் தேவை?

பெரியவரும் சிறியவருமாக ஐந்து பேர் உள்ள வீட்டில் 14.2 கிலோ எடையுள்ள ஒரு சமையல் எரிவாயு உருளை 35 நாள் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 400 கிராம் செலவு. ஒரு கிலோ எரிவாயுவில் ஏறத்தாழ 10,900 கிலோ கலோரி வெப்பம் உண்டு. அடுப்பில் எரியும்போது அதில் 100-க்கு 60 பங்கு பாத்திரத்தைச் சேரும். ஆக, அக்குடும்பத்தின் பாத்திரங்களுக்குள் ஒரு நாளில் போய்ச் சேரவேண்டிய வெப்பம் சுமார் 2,600 கிலோ கலோரி. இந்த ஓர் எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் எல்லா அடுப்புகளையும் ஒப்பிட்டுவிடலாம்.

மூன்று கல் அடுப்பிலும் சாதாரண மண் அடுப்பிலும் விறகின் வெப்பத்தில் 100-க்கு 10 பங்கே பாத்திரத்துக்குப் போகிறது. மற்றவை சுவருக்கும் கூரைக்கும் சமைப்பவரின் முகத்துக்கும் போகின்றன. உலர்ந்த விறகில் கிலோவுக்கு 3,800 கிலோ கலோரி என்று கொண்டால், அதே சமையலுக்கு நாளொன்றுக்கு 7 கிலோ விறகு வேண்டும். சரியாக அமைத்த புகையில்லா அடுப்பில் திறன் 20 பங்காக உயர்வதால் மூன்றரைக் கிலோ போதும். சாண எரிவாயுவில் ஒரு கன மீட்டருக்கு 4,700 கிலோ கலோரி. அடுப்பின் திறன் 55 பங்கு. எனவே நாளுக்கு ஒரு கன மீட்டர். மின்தூண்டல் அடுப்பானால் 3.8 யூனிட் மின்சாரம். வறட்டியானால் 12 கிலோ.

தங்கள் வீட்டில் உருளை 25 நாளே வருமானால் எல்லா எண்களையும் அதே விகிதத்தில் கூட்டிக்கொள்ளலாம். விறகு எரிப்பவர்கள் ஒரு வாரத்துக்குக் காலையில் விறகை எடை போட்டு வைத்து, இரவில் மீதியை நிறுத்துப் பார்ப்பது நல்லது. நினைவிலிருந்து சொல்லும் கணக்குக்கும் தராசு சொல்லும் கணக்குக்கும் பெரும்பாலும் பொருத்தமிருப்பதில்லை.

மாடு உள்ள வீடு

மூன்று மாடுகளும் 40 தென்னை மரங்களும் இரண்டு ஏக்கர் நிலமும் உள்ள குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பாலாற்றுப் பகுதியில் இத்தகைய குடும்பங்கள் ஏராளம்.

ஒரு மாடு நாளுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். ஆனால் மேய்ச்சலுக்குப் போகும் மாட்டின் சாணத்தில் பாதி வெளியிலேயே விழுந்துவிடும். கொட்டகையிலேயே கட்டித் தீவனம் போடும் மூன்று மாடுகளானால் 25 கிலோ சாணம் தடையின்றிக் கிடைக்கும். ஒரு கிலோ பச்சைச் சாணம் ஏறக்குறைய 40 லிட்டர் வாயு தரும். ஆகவே 25 கிலோ சாணத்தில் ஒரு கன மீட்டர். ஐந்து பேர் கொண்ட வீட்டுக்கு இது சரியாகப் போதும். இரண்டு கன மீட்டர் கலன்தான் வேண்டும் என்று பலர் எண்ணுகின்றனர். அதற்கு நாள்தோறும் 50 கிலோ சாணம் வேண்டும். சாணம் போதாத பெரிய கலன் ஆண்டு முழுதும் அரைகுறையாகவே வேலை செய்யும்.

இதே 25 கிலோ சாணத்தை வறட்டியாகத் தட்டினால் காய்ந்தபின் ஐந்து அல்லது ஐந்தரைக் கிலோ வறட்டி கிடைக்கும். ஒரு கன மீட்டர் வாயு செய்யும் வேலையைச் செய்யப் 12 கிலோ வறட்டி வேண்டும் என்று மேலே கண்டோம். அதாவது, ஒரே சாணம் வாயுவாகும்போது இரண்டு மடங்குக்கும் மேலான சமையலைச் செய்கிறது. அது மட்டுமன்று. வறட்டி எரிந்தால் அதிலுள்ள தழைச்சத்து காற்றோடு போகிறது, சாம்பல் மட்டுமே மிஞ்சும். வாயுக் கலனிலிருந்து வெளிவரும் சாணக் கரைசலில் தழைச்சத்து அப்படியே இருக்கிறது. பச்சைச் சாணத்தில் 100-க்கு 0.3 பங்கு தழைச்சத்து என்று குறைத்துக் கணக்கிட்டாலும், நாளுக்கு 75 கிராம், ஆண்டுக்கு 27 கிலோ. யூரியாவாகச் சொன்னால் சுமார் 60 கிலோ. 45 கிலோ மூட்டை ஒன்றைக் கடந்துவிட்டது. வறட்டி தட்டும் வீட்டார் ஆண்டுதோறும் இந்த மூட்டையை அடுப்பில் போட்டுவிட்டு, கடையில் வேறொரு மூட்டை வாங்கி வருகின்றனர்.

மிதக்கும் இரும்புக் கொப்பரை கொண்ட கலனைக் கதர் கிராமத் தொழில் ஆணையம் நாடெங்கும் பரப்பியது. 1984-ல் வெளிவந்த தீனபந்து கலனில் இரும்புக் கொப்பரை இல்லை; செங்கல், சிமெண்டால் ஆன குவிமாடமே வாயுவைத் தாங்கும். துருப்பிடிக்கும் தொல்லை இல்லை, செலவும் குறைவு. ஆனால் குவிமாடத்தில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வாயு நிற்காது. ஆகையால் பழகிய கொத்தனார் கிடைத்தாலன்றித் தொடங்க வேண்டாம். கலன் வெயில் படும் இடத்தில், குடிநீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டருக்குக் குறையாத தொலைவில், சமையலறைக்கு அருகில் அமைய வேண்டும். குழாய் சற்றே சரிவாக வரவேண்டும். தாழ்ந்த இடத்தில் நீர் வடிய ஒரு குப்பி வைக்க வேண்டும். உருளை வாயுவுக்கான அடுப்பில் சாண வாயு சரியாக எரியாது. அதற்கெனச் செய்த அடுப்பையே வாங்குக. முதன்முதலில் வெளிவரும் வாயுவில் காற்று கலந்திருக்கும். அதைப் பற்றவைக்காமல் திறந்துவிட்டுவிட வேண்டும்.

உப்புக் கிணறும் வாயுக் கலனும்

"எங்கள் கிணறு தோல் ஷாப்பு உப்பால் கெட்டுக் கிடக்கிறது, இந்தத் தண்ணீரில் கரைத்தால் வாயு வருமா?" இது ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்து விவசாயிகளிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி நிலையக் கணிப்பை எடுத்துக்காட்டுகிறது. அதன்படி இந்தத் தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 எக்டர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்கு ஒவ்வாததாகியிருந்தது.

ஆயினும் வாயுக் கலனைப் பொறுத்தவரை அச்சம் அவ்வளவாகத் தேவையில்லை. கரைசலில் சோடியம் லிட்டருக்கு மூன்றரைக் கிராமைத் தாண்டும்போதுதான் வாயு உண்டாக்கும் நுண்ணுயிர்களின் வேலை தளரத் தொடங்கும். நீரோடு சரிபாதி சாணம் சேர்வதால், நீர் அதைவிட மிக உப்பாக இருந்தாலன்றி அந்த அளவு எட்டாது. வயலுக்குக் கேடு வருமா என்றும் பார்ப்போம். லிட்டரில் 3.2 கிராம் உப்பு உள்ள கிணற்று நீர் 25 லிட்டர் தினமும் கலனுக்குப் போனால், ஆண்டுக்கு 29 கிலோ உப்பு. அதே நீரை ஒரே ஒருமுறை ஓர் ஏக்கருக்கு ஐந்து சென்டிமீட்டர் ஆழம் பாய்ச்சினால் 640 கிலோ உப்பு வயலில் ஏறும். கவலைப்பட வேண்டிய இடம் வாய்மடையே. கூரை மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் கரைக்க முடிந்தால் இன்னும் நலம். மண், நீர் ஆய்வை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரித்துச் செய்துகொள்ளலாம்.

கலனில் போடக்கூடாதவை வேறு உள்ளன. தோல் ஷாப்புக் கழிவுநீர், சேறு, தோலிலிருந்து செதுக்கிய சவ்வு ஆகியவற்றைச் சாணத்தோடு சேர்க்கவே கூடாது. அவற்றிலுள்ள சல்பைடும் உப்பும் குரோமியமும் கலனையும் கெடுக்கும், கரைசல் போகும் வயலையும் கெடுக்கும்.

தோல் துண்டை எரிக்காதீர்

விறகு அடுப்பைப் பேசுமுன் இதைச் சொல்லியாக வேண்டும். விறகு விலை ஏறும்போது, ஷூ கம்பெனிகளிலும் தோல் ஷாப்புகளிலும் கழித்த துண்டுகளையும் சீவல்களையும் தீமூட்டுவதற்குப் பயன்படுத்தும் எண்ணம் எழுவது இயல்பு. எளிதில் கிடைக்கும், விலையும் இல்லை. எனினும் இது மிகத் தீங்கானது.

இன்று பதனிடும் தோலில் பெரும்பகுதி குரோமிய உப்பால் பதனிடப்படுகிறது. வெட்டிய விளிம்பில் நீலமோ சாம்பல் கலந்த பச்சையோ தெரிந்தால் அது குரோமியத் தோல் என்று அறியலாம். சாயம் ஏறிய தோலில் இந்த அடையாளமும் தெரியாது. தோலில் இருக்கும்போது குரோமியம் மூன்று இணைதிறன் நிலையில், அவ்வளவாகக் கரையாததாக இருக்கிறது. காற்றும் சாம்பலின் காரமும் சேர்ந்த நெருப்பில் அதன் ஒரு பகுதி ஆறு இணைதிறன் நிலைக்கு மாறுகிறது. இது நீரில் எளிதில் கரையக்கூடியது. சுவாசத்தில் போனால் நுரையீரலில் புற்றுநோயை உண்டாக்குவது. புகையில் ஒரு பங்கு போக, மற்றது சாம்பலில் தங்கும். அந்தச் சாம்பலை நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? பாத்திரம் தேய்க்கிறோம், எருக்குழியில் கொட்டுகிறோம், கத்தரிச் செடிக்குத் தூவுகிறோம். அடுப்பில் போட்ட ஒரு கைப்பிடித் துண்டு இப்படிச் சமையலறையிலிருந்து கொல்லைக்கும், கொல்லையிலிருந்து தட்டுக்கும் வந்து சேர்கிறது.

முன்காலத்தில் ஆவாரம்பட்டையால் பதனிட்டபோது மிஞ்சிய பட்டைச் சக்கை வெறும் தாவரப் பொருள். அதை எரிப்பதில் இந்தக் கேடு இல்லை. பெரியவர்கள் "அந்தக் காலத்தில் எரிக்கவில்லையா" என்று கேட்பது அந்த நினைவால்தான். இப்போதைய துண்டு வேறு. செருப்பின் அடிப்பாகத்து ரப்பர், நுரை, பிளாஸ்டிக் துண்டுகளுக்கும் இதே தடை பொருந்தும். வெந்நீர் அடுப்பிலும் வேண்டாம், நெல் அவிக்கும் அடுப்பிலும் வேண்டாம்.

விறகு அடுப்பே வேண்டுமென்றால்

மாடு இல்லை, தென்னை உண்டு, வேலியோரம் வேலிக்காத்தானும் உண்டு என்ற வீடுகளுக்குப் புகையில்லா அடுப்பு பொருந்தும். ஒரு தென்னை ஆண்டுக்குச் சுமார் 12 மட்டை கழிக்கும். 40 மரத்துக்கு 480 மட்டை. காய்ந்த மட்டை இரண்டு கிலோ என்றால், நாளுக்கு 2.6 கிலோ விறகு. கொட்டாங்கச்சி, பாளை, துவரை மார் சேர்த்தால் மூன்றரைக் கிலோ எட்டிவிடும். சாதாரண அடுப்புக்கு வேண்டிய ஏழு கிலோ ஒருநாளும் எட்டாது. ஆனால் எல்லா மட்டையும் அடுப்புக்குப் போனால் மரத்தடியில் மூடாக்குக்கு ஒன்றும் இராது என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். மட்டை விரைந்து எரிவது. அருகில் ஒருவர் உட்கார்ந்து தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

புகையில்லா அடுப்பு புதிதன்று. ஐதராபாத்தைச் சேர்ந்த பொறியாளர் எஸ்.பி. ராஜு 1953-லேயே இதைப் பற்றி நூல் எழுதினார். பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் 1980-களில் உருவான மூன்று பாத்திர 'அஸ்த்ரா ஒலெ' நல்ல திறன் காட்டியது. மத்திய அரசு 1983-ல் தொடங்கி 2002 வரை நடத்திய திட்டத்தில் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் அமைந்தன. அவற்றில் பல இன்று இல்லை. ஏன் என்பதற்கு ஒடிசாவில் நடந்த ஆய்வு ஒன்று விடை தருகிறது. ரெமா ஹன்னா, எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன் ஆகியோர் அங்கே வீடுகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தனர். முதலாண்டில் பெண்கள் உட்கொண்ட புகை குறைந்தது. பிறகு அந்தப் பயன் மறைந்துவிட்டது. அடுப்பை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை, பழுதும் பார்க்கவில்லை. இதை அவர்களுடைய சோம்பல் என்று எழுதிவிடுவது எளிது. என் கருத்தில், அடுப்பின் வாய் அந்த வீட்டுப் பானைக்குப் பொருந்தியதா, புகைப்போக்கியைத் துடைக்கக் கூரைமேல் ஏறுபவர் யார் என்று எவரும் முன்னதாகக் கேட்காததே பெரிய குறை.

ஆகவே பானையைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பின் வாயை வெட்டச் சொல்லுங்கள். பானை சந்தின்றி அமர வேண்டும். புகைப்போக்கி நான்கு அங்குலக் குழாயாக, தளத்துக்கு மேல் குறைந்தது இரண்டு அடி நீண்டு, தலையில் மழைத் தொப்பியுடன் இருக்கட்டும். சுட்ட மண் குழாயோ இரும்புக் குழாயோ போடலாம். கல்நார் சிமெண்டுக் குழாய் வேண்டாம். அறுக்கும்போது பறக்கும் தூள் நுரையீரலுக்கு ஆகாது. உள்ளிருந்தே கரி தட்டுவதற்குக் குழாயின் அடியில் ஒரு மூடி வைத்துவிட்டால் கூரை ஏறும் வேலை குறையும். மாதம் ஒருமுறை தட்ட வேண்டும். புகைப்போக்கி இருந்தாலும் விறகுப் புகை முழுதும் நீங்காது. இருமல், மூச்சிரைப்பு, கண்புரை, குழந்தைகளுக்கு நிமோனியா ஆகியவற்றுக்கும் சமையலறைப் புகைக்கும் உள்ள தொடர்பு பல நாடுகளில் காணப்பட்டுள்ளது.

உருளை வாயுவும் மின்சாரமும்

தமிழக அரசு 2007 முதல் சில ஆண்டுகள் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச எரிவாயு அடுப்பு வழங்கியது. 2016-ல் மத்திய அரசின் உஜ்வலா திட்டம் வந்தது. இதனால் அடுப்பு இல்லாத வீடு குறைந்துவிட்டது. மறு உருளை வாங்கப் பணமில்லாத மாதங்கள் குறையவில்லை. சிறு விவசாயியின் வருமானம் மாதாமாதம் வருவதன்று. கடலை விற்ற மாதத்தில் இரண்டு உருளை வாங்கி வைப்பது போன்ற ஏற்பாட்டை வீட்டார் தாமே செய்துகொள்ள வேண்டும்.

ஆனால் இந்த வட்டாரத்தில் உருளைக்குச் சாதகமாக ஒரு காரணம் உண்டு. ஆம்பூரைச் சுற்றியுள்ள ஊர்களில் மருமகளோ மகளோ ஷூ கம்பெனிக்குப் போகும் வீடுகள் மிகுதி. காலை வண்டி வருமுன் சோறும் குழம்பும் ஆகவேண்டும், கட்டிக்கொடுக்கவும் வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் மட்டையைத் தள்ளிக்கொண்டிருக்க ஆள் இல்லை. அவ்வீட்டில் விறகு மலிவு என்ற பேச்சு, அதிகாலையில் ஒரு மணி நேரம் முன்னதாக எழுபவரின் தூக்கத்தைக் கணக்கில் சேர்க்காத பேச்சு.

மின்தூண்டல் அடுப்பு அந்த அவசரத்துக்கு உதவும். முழுச் சமையலையும் அதிலேயே செய்தால் இரண்டு மாதத்துக்கு 230 யூனிட் கூடும். இதனால் மின்கட்டணம் மேல்படிக்குப் போகும் என்பதைப் பழைய அட்டையை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். அலுமினியம், பித்தளை, மண் பாத்திரங்கள் இதில் சூடேறா. காந்தம் ஒட்டும் தட்டையான அடி வேண்டும். தனி மின்கம்பியும் 16 ஆம்பியர் பிளக்கும் எர்த்தும் இல்லாமல் இதை வைக்கக் கூடாது.

ரொட்டி, கேக் சுடும் மின் அவன் வாங்கலாமா என்று படித்த பிள்ளைகள் கேட்கின்றனர். ஒரே அடுப்புக்குத்தான் பணம் என்றால் அது இல்லை. சோறும் களியும் அதில் ஆகா. மேலும் கீழும் வெப்பம் வேண்டுமென்றால் ஆம்பூர்ப் பிரியாணிக்காரர் பல தலைமுறையாகச் செய்வதைச் செய்யலாம்: தேக்சாவின் அடியில் தணல், மூடியின் மேலும் தணல். அது திருவிழாச் சமையல், வாசலில் மூன்று கல் வைத்தால் போதும்.

என் பரிந்துரை

கொட்டகையில் கட்டிய மூன்று மாடுகளும், தினமும் சாணம் கரைக்க மனமுள்ள ஓர் ஆளும் இருந்தால் சாண எரிவாயு. இரண்டில் ஒன்று இல்லையேல் உருளை. இரண்டு மாடுள்ள வீட்டார், மூன்றாவது வரும் என்ற நம்பிக்கையில் கலன் கட்ட வேண்டாம். விறகு அடுப்பைச் சமையலறைக்கு உள்ளே வைப்பதை நான் பரிந்துரைப்பதில்லை. வெந்நீருக்கும் நெல் அவிக்கவும் கொல்லைத் தாழ்வாரத்தில் புகைப்போக்கியோடு இருக்கட்டும். உருளை வாங்க இயலாத குடும்பத்துக்கு மட்டும் அதுவே சமையல் அடுப்பு. அப்போதும் தாழ்வாரத்திலேயே. பலர் இதற்கு உடன்படமாட்டார்கள், மண்சட்டி விறகில்தான் ருசி என்பார்கள். ருசி பார்ப்பவரும் ஊதுகுழல் ஊதுபவரும் ஒருவராக இருந்தால் அந்த வாதத்தை ஏற்கலாம்.

முடிவு செய்தபின் கொத்தனாரிடம் சொல்ல வேண்டியவை சில. உருளை வாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையில் படியும். எனவே தரையை ஒட்டிச் சுவரில் ஒரு துளை வேண்டும். சாண வாயு இலேசானது. அதற்குத் துளை மேலே, கூரையை ஒட்டி. உருளை நிமிர்ந்தே நிற்க வேண்டும், அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். ரப்பர் குழாயை ஐந்து ஆண்டுக்கொருமுறை மாற்றுக. கசிவு நேர்ந்தால் அழைக்க வேண்டிய எண் 1906. அதைச் சமையலறைக்கு வெளியே சுவரில் எழுதி வைக்கலாம். மேடையின் உயரத்தைக் கொத்தனாரின் அளவுகோலால் தீர்மானிக்காமல், சமைப்பவரை நிற்க வைத்து, அவர் முழங்கைக்கு ஒரு சாண் கீழே குறித்துக்கொள்ளவும். மேடைமேல் அடுப்பும் பாத்திரமும் ஏறும் என்பதால் அதற்கு மேல் போகக் கூடாது.